ஒரு சுற்று ஓடிக் காட்டினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க ஹைட்ரோபிளேன் படகுப் பந்தயம் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகளில் செய்தி வருவது அபூர்வம். வந்தாலும், படகு அந்தரத்தில் கரணம் அடிக்கும் ஒரு படமும் 'அதிவேகத்தால் விபரீதம்' என்ற ஒரு வரியுமாக முடிந்துவிடுகிறது. உங்கள் விளையாட்டுப் பக்கமும் இதற்கு விலக்கல்ல. பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு படகும் தனியாக ஓடிக் காட்டும் தகுதிச் சுற்று நடந்ததையே பெரும்பாலும் சொல்வதில்லை. சொன்னாலும் முதலிடம் பிடித்த படகின் வேகம் இவ்வளவு என்பதோடு சரி. ஓர் அணி பந்தயத்துக்குத் தயாரா இல்லையா என்பது தகுதிச் சுற்றில்தான் தெரியவேண்டும். இப்போதுள்ள முறையில் அது முழுதாகத் தெரிவதில்லை என்பதே என் ஆதங்கம். கொஞ்சம் விரிவாகச் சொல்ல இடம் கொடுங்கள்.

நான் பேசுவது எச்1 அன்லிமிடெட் தொடரைப் பற்றி. இண்டியானாவின் மேடிசன், அலபாமாவின் கன்டர்ஸ்வில், வாஷிங்டன் மாநிலத்தின் ட்ரை-சிட்டீஸ், சியாட்டல், கலிஃபோர்னியாவின் சான் டியேகோ என ஆற்றிலும் ஏரியிலும் கடல் நீரிலும் இந்தப் படகுகள் ஓடியிருக்கின்றன. ஆகஸ்டில் சியாட்டலின் ஸீஃபேர் பந்தயம் நடக்கும் லேக் வாஷிங்டன் ஏரிக்குக் கிழக்கே பெல்வியூ, ரெட்மண்ட் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஆகவே உங்கள் வாசகர்களுக்கு இது அடியோடு அந்நியமான விளையாட்டு அல்ல.

படகு சுமார் 30 அடி நீளம், எடை 3 டன்னை ஒட்டி. உள்ளே இருப்பது சினூக் ஹெலிகாப்டருக்காகச் செய்த லைகாமிங் டி55-எல்-7சி டர்பைன் இஞ்சின். ஏறக்குறைய 3,000 குதிரைத்திறன். முன்பக்கம் இருபுறமும் ஸ்பான்சன் என்ற மிதவைப் பாகங்கள். முழு வேகத்தில் அந்த ஸ்பான்சன்களின் பின் ஓரமும் ப்ரொப்பெல்லரின் கீழ்ப்பாதியும் மட்டுமே தண்ணீரைத் தொடும். 1950இல் இதே லேக் வாஷிங்டனில் ஸ்லோ-மோ-ஷன் 4 என்ற படகு மணிக்கு 160 மைலைத் தாண்டிக் காட்டிய நாளிலிருந்து அடிப்படை இதுதான். மீதி உடல் முழுக்க, அடியில் அடைபட்ட காற்றின் மேல் நிற்கிறது.

படகு கரணம் அடிக்க வேகம் மட்டுமே காரணம் என்றால் நேர்ப்பாதையில் ஒவ்வொரு படகும் கவிழ்ந்தாக வேண்டும். அங்கே எல்லாமே மணிக்கு 200 மைலை, அதாவது 320 கிலோமீட்டரை நெருங்குகின்றன. உண்மையில் நடப்பது வேறு. மூக்கு கொஞ்சம் கூடுதலாக நிமிர்ந்தால் அடியில் புகும் காற்றின் தூக்குவிசை பெருகும். அந்த விசையின் மையம் படகின் எடை மையத்துக்கு முன்னால் நகரும். மூக்கு இன்னும் நிமிரும். ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் ஓட்டுநர் கையில் ஒன்றுமில்லை. எதிர்க்காற்று ஒரு வீச்சு வீசினாலோ, முன்னே போன படகின் அலை ஒன்று ஸ்பான்சனில் முட்டினாலோ அதுவே போதும். இதைக் கட்டுக்குள் வைக்கத்தான் மூக்கில் கனார்டு என்ற சிறு இறக்கை இருக்கிறது. ஓட்டுநரின் வலது கால் ஆக்சிலரேட்டரில் இருக்கும்; இடது கால் அந்தக் கனார்டை ஏற்றி இறக்கும் பெடலில் இருக்கும்.

1981 அக்டோபரில் மெக்சிகோவின் அகாபுல்கோவில் பில் மன்சி இப்படித்தான் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் கொலம்பியா ஆற்றில் டீன் செனோவெத் உயிரிழந்தார். அவர் அப்போது ஓடிக்கொண்டிருந்தது பந்தயம்கூட அல்ல, தகுதிச் சுற்று. இருவருமே அந்தக் காலத்தின் மிகத் தேர்ந்த ஓட்டுநர்கள். அதற்குப் பிறகுதான் 1986இல் மிஸ் பட்வைசர் அணி எஃப்-16 போர் விமானத்தின் மூடியைக் காக்பிட்டில் பொருத்தியது. பின்னர் எல்லாப் படகுக்கும் மூடிய காக்பிட் வந்தது. தகுதிச் சுற்றை ஒத்திகை என்று எழுதுகிறவர்கள் செனோவெத்தை நினைக்கவேண்டும்.

அணி தயார் என்றால் என்ன? ஓட்டுநரும் இஞ்சினும் தயார் என்று நினைப்பது தவறு. படகைக் கிரேனில் மாட்டித் தூக்குவதற்கு முன் நடக்கும் வேலையில்தான் பாதி முடிவாகிறது. உதாரணத்துக்கு ப்ரொப்பெல்லரை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 16 அங்குல விட்டம், பெரும்பாலும் மூன்று இதழ். ஒவ்வொரு சுழற்சியிலும் ஒவ்வோர் இதழும் ஒரு முறை தண்ணீரை அறைந்து, ஒரு முறை காற்றுக்கு வெளியேறுகிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அறை. அதனால் இதழின் அடியில், குடத்தோடு சேரும் வளைவில், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். அதைக் கண்டுபிடிக்கச் சாயப் பரிசோதனை செய்கிறார்கள். முதலில் எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைக்கவேண்டும். சிவப்புச் சாயத்தைத் தெளித்துக் குறைந்தது 10 நிமிடமாவது விடவேண்டும். பிறகு துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இங்கேதான் அவசரக்காரர்கள் தப்புச் செய்வார்கள்: கரைப்பானை நேரடியாக இதழின் மேல் அடித்துவிட்டால் விரிசலுக்குள் இறங்கிய சாயமும் சேர்ந்து வெளியேறிவிடும், விரிசல் இல்லாதது போலத் தோன்றும். கரைப்பானைத் துணியில் நனைத்துத்தான் துடைக்கவேண்டும். கடைசியில் வெள்ளைப் பொடித் திரவத்தைத் தெளித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் மயிரிழை போல் ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி வரும். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகும் 'ஒரே சுற்றுதானே' என்று அதை மாட்டி அனுப்பினால் என்ன ஆகும்? இதழ் ஒன்று பறந்துபோகும், சமநிலை கெட்ட ப்ரொப்பெல்லர் தண்டை வளைக்கும், அதைத் தாங்கும் கால் முறியும், படகின் அடிப்பலகை கிழியும், கியர்பாக்ஸும் போய்விடலாம். பருவமே முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே பரிசோதனையை ஸ்கிட் ஃபின் என்ற தகட்டுக்கும் செய்தாக வேண்டும். பந்தயம் எப்போதும் இடப்பக்கமே திரும்பும். ஆகவே இடது ஸ்பான்சனின் ஓரத்தில் செங்குத்தாக இறங்கும் இந்தத் தகடுதான், வளைவில் படகு வெளியே வழுக்கிப் போகாமல் பிடித்து நிறுத்துகிறது. வளைவின் பாரம் முழுவதும் இதன் தலையில்தான். தகடு உடைவதைவிட, அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டும் போல்ட் துளைகளும் விட்டுக்கொடுப்பது ஆபத்து. ஓட்டுநருக்கு முன்னறிவிப்பே இருக்காது. வளைவின் நடுவில் படகு சட்டென்று சுழன்றுவிடும்.

இஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் எண்ணெய் ஓடும் வழியில் காந்த ப்ளக் இருக்கிறது. ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் அதைக் கழற்றிப் பார்க்கவேண்டும். சாம்பல் நிறத்தில் பசை போல ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டலாம். விரலில் குத்துகிற மாதிரி மினுங்கும் சில்லு இருந்தால் ஒரு பேரிங்கோ பல்லோ உதிர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸரின் முதல் வரிசை இதழ்களையும் விளக்கு அடித்துப் பார்க்கவேண்டும். மேடிசனில் ஓஹியோ ஆறு மரக்கட்டைகளை அடித்துக்கொண்டு வரும். வெள்ளமும் மிதக்கும் குப்பையும் சேர்ந்து அந்தப் பந்தயத்தை ஒரு முறைக்கு மேல் ரத்துச் செய்ய வைத்திருக்கின்றன. சான் டியேகோவில் வேறு தொல்லை. அங்கே மிஷன் பே உப்பு நீர். ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டு இஞ்சினைக் கழுவாவிட்டால் கம்ப்ரஸர் இதழ்களில் உப்பு படிந்து, மறுநாள் அதே எரிபொருளுக்குத் திறன் குறையும்.

ஸ்டார்ட் செய்வதிலும் அணியின் தயார்நிலை தெரிந்துவிடும். இஞ்சின் போதுமான சுழற்சி பெறுவதற்கு முன் எரிபொருள் ஏறினால் உள்ளே போகும் காற்று போதாது. வெப்பம் குப்பென்று எகிறி டர்பைன் இதழ்களைத் தின்றுவிடும். வெப்பமானியில் முள் பாய்வதைப் பார்த்த நொடியே எரிபொருளை வெட்டவேண்டும். அந்த நொடியை யார் பார்ப்பது, யார் சொல்வது, யார் வெட்டுவது என்று முன்கூட்டியே பேசி வைக்காத அணியைப் படகுத்துறையிலேயே அடையாளம் கண்டுவிடலாம். இத்தனைக்கும் குழுவில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். வார நாளில் வேறு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். அவர்கள் உழைப்பின் மேல் எனக்குள்ள மரியாதையால்தான் இதை இவ்வளவு கறாராக எழுதுகிறேன்.

இனி தகுதிச் சுற்று. ட்ரை-சிட்டீஸில் பாதையின் நீளம் 2.5 மைல். சராசரி 160 மைல் வேகத்தில் ஒரு சுற்றுக்கு 56.25 வினாடி ஆகும். ஒரே ஒரு வினாடி தாமதித்தால் சராசரி 157க்கு வந்துவிடும். வேகத்தைக் கணக்கிடுவது, பாதையைக் குறிக்க நீரில் போட்ட மிதவைகளை ஒட்டி அளந்த நீளத்தை வைத்து. ஆகவே வெளியே அகன்று போகிற ஓட்டுநர் கூடுதல் தூரம் ஓடியும் அதற்குப் பலன் பெறுவதில்லை. உள்ளே ஒட்டிப் போனால் வளைவு இறுக்கமாகி வேகம் விழும், மிதவையில் இடித்தால் சுற்றே வீண். கண்ணாடி போல் அசையாத தண்ணீர் நல்லது என்று கரையில் நிற்பவர்கள் நினைப்பார்கள். அது ஸ்பான்சன்களைப் பிடித்து இழுக்கும். மெல்லிய சிற்றலை இருக்கும் தண்ணீர்தான் படகை விடுவிக்கும். அதனால் அனுபவமுள்ள குழுத் தலைவர்கள் விடியற்காலையில் வரிசையில் முதலில் நிற்க ஆசைப்படுவதில்லை. லேசாகக் காற்று கிளம்பட்டும் என்று காத்திருப்பார்கள். ரொம்பக் காத்திருந்தாலும் ஆபத்து. சியாட்டலில் அதே ஏரிக்கு மேல் விமானச் சாகசமும் நடப்பதால் படகுகளுக்குக் கிடைக்கும் நேரம் துண்டு துண்டானது. கிரேன் வரிசையில் பின்தங்கினால் வாய்ப்பே போய்விடும்.

காலால் எவ்வளவு வேண்டுமானாலும் அழுத்தலாம் என்பதும் இல்லை. டர்பைனுக்கு எரிபொருள் அளவில் உச்சவரம்பு உண்டு. நெடுங்காலம் அது நிமிடத்துக்கு 4.3 அமெரிக்கக் காலன், சுமார் 16 லிட்டர். விதிகள் மாறும்போது இந்த எண்ணும் மாறும்; அந்தந்தப் பருவத்தின் விதிப்புத்தகத்தைப் பார்ப்பதே சரி. என்2 எனப்படும் திறன் டர்பைனின் சுழற்சிக்கும் வரம்பு இருக்கிறது. படகு ஓர் அலையில் துள்ளி ப்ரொப்பெல்லர் தண்ணீரை விட்டு வெளியேறினால் சுமை சட்டென்று இறங்கும். திறன் டர்பைன் வரம்பைத் தாண்டிச் சுழலும். இவற்றையெல்லாம் பதிவு செய்யும் தரவுப் பெட்டியை அதிகாரிகள் திறந்து பார்க்கும்போது அகப்பட்டால் அந்த அருமையான சுற்று பட்டியலில் இருக்காது. இதில் பாதிப் பழி ஓட்டுநருடையது அல்ல. ப்ரொப்பெல்லரின் பிட்சும் (இதழ்களின் சாய்வு) கியர் விகிதமும் பொருந்தாமல் அனுப்பிய குழுவுடையது. வெயிலில் காற்றின் அடர்த்தி குறையும். இஞ்சினுக்கும் திறன் குறையும், இறக்கைகளுக்கும் பிடிப்புக் குறையும். ட்ரை-சிட்டீஸின் கோடை வெயிலில் சரியாக இருந்த அமைப்பை அப்படியே தூக்கிக்கொண்டு சியாட்டல் போனால் சரிப்படாது. காற்று, நீர் வெப்பநிலை, காற்றின் திசை, எந்த ப்ரொப்பெல்லர், எந்தக் கியர், பின் இறக்கை எத்தனை டிகிரி, எரிபொருளும் என்2வும் தொட்ட உச்சம் ஆகியவற்றை ஓட்டத்துக்கு ஓட்டம் குறித்து வைத்திருக்கும் நோட்டுப் புத்தகம்தான் ஓர் அணியின் உண்மையான சொத்து.

என் விமர்சனத்துக்கு வருகிறேன். தகுதி பெற ஒரே ஒரு சுற்று, குறைந்தபட்ச வேகத்துக்கு மேல் ஓடினால் போதும். அண்மைப் பருவங்களில் தகுதியில் முதலிடத்துக்கு 100 புள்ளியும் கிடைக்கிறது. ஒவ்வொரு பந்தய ஓட்டத்திலும் முதல் படகுக்கு 400, அடுத்ததற்கு 300, பிறகு 225, 169, 127 என்று இறங்கும். அதாவது தனியாக ஓடிய ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் பரிசு, பந்தயத்தில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள முழு வித்தியாசத்துக்குச் சமம். இவ்வளவு கிடைக்கும்போது எந்தக் குழுத் தலைவருக்கும் படகை இன்னும் கொஞ்சம் காற்றில் லேசாக நிற்க வைக்கலாம், பின் இறக்கையைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்ற சபலம் வரும். அமைதியான தண்ணீரில், தனியாக, ஒரு நிமிடம் மட்டும் அது தாங்கும்.

ஆனால் பந்தயம் அப்படி இல்லை. ஓர் ஓட்டத்துக்கு மூன்று சுற்று, இறுதிப் போட்டி என்றால் பெரும்பாலும் ஐந்து. பக்கத்தில் நான்கைந்து படகுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் எழும் நீர்த்தாரை டன் கணக்கில் தண்ணீரைக் கொட்டும். அதற்குள் மாட்டிய இஞ்சின் தண்ணீரைக் குடித்து அணைந்துபோகும். தொடக்கமும் நின்ற இடத்திலிருந்து அல்ல. ஓடிக்கொண்டே வந்து, கடிகாரம் பூஜ்யத்தைத் தொடும் நொடியில் கோட்டைக் கடக்கவேண்டும். முந்தினால் தண்டனை. அந்த வினாடிகளை எண்ணிச் சொல்வது ரேடியோவில் பேசுகிற மனிதர். அவருக்கும் ஓட்டுநருக்கும் உள்ள ஒத்திசைவைத் தகுதிச் சுற்று சோதிப்பதே இல்லை. வெள்ளிக்கிழமை முதலிடம் பிடித்த படகு ஞாயிற்றுக்கிழமை முதல் வளைவிலேயே திணறுவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே என் யோசனை இது. புள்ளிக்கு ஒரு சுற்றின் வேகத்தையே எடுத்துக்கொள்ளட்டும். பந்தயத்தில் இறங்கும் உரிமைக்கு மட்டும், பயிற்சியிலோ தகுதியிலோ, தொடர்ந்து மூன்று சுற்று குறைந்தபட்ச வேகத்துக்கு மேல் ஓடவேண்டும் என்று விதி வைக்கவேண்டும். அதில் ஒன்றாவது வெளிப்பாதையில் ஓடவேண்டும். மூன்றுக்கும் தரவுப் பெட்டியைப் பார்க்கவேண்டும். கியர்பாக்ஸ் எண்ணெய் மூன்றாம் சுற்றில்தான் உண்மையான சூட்டுக்கு வரும். தளர்ந்த குழாய் இணைப்பும் அப்போதுதான் கசியும். முதல் சுற்றில் இவை ஒளிந்துகொள்ளும்.

இதற்கு எழும் எதிர்ப்பு எனக்குத் தெரியும், அதில் நியாயமும் இருக்கிறது. இந்த இஞ்சின்கள் ராணுவத்தில் கழித்துக் கட்டியவை. உதிரிப்பாகம் ஆண்டுக்காண்டு அரிதாகிறது. சிறிய அணிகள் இஞ்சினை ஓட்டமாக எண்ணிச் செலவழிக்கின்றன. பத்துக்கும் குறைவான படகுகள் வரும் இடத்தில் ஒன்றைத் திருப்பி அனுப்ப எந்த அமைப்பாளருக்கும் மனம் வராது. ஆனாலும் மூன்று சுற்றுக்குத் தாங்காத இஞ்சின் பந்தயத்திலும் தாங்கப்போவதில்லை. அது வெள்ளிக்கிழமை, தனியாக ஓடும்போது நின்றால் மீட்புப் படகு கயிறு கட்டி இழுத்து வந்துவிடும். இஞ்சினை மாற்ற இரவு முழுவதும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முதல் வளைவுக்குப் பிறகு நின்றால், மணிக்கு 150 மைலில் பின்னால் வருகிறவருக்கு நீர்த்திரைக்குள் அது கண்ணில்கூடப் படாது. சிறிய அணிகளின் செலவுதான் கவலை என்றால், அந்த 100 புள்ளியைக் குறைத்து, மூன்று சுற்றை முடித்த எல்லா அணிக்கும் ஒரு தொகையைப் பங்கிட்டுக் கொடுக்கலாம்.

ஓட்டுநரின் பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. மூடிய காக்பிட் கவிழ்ந்தால் தண்ணீர் நிறையும். முகமூடியில் வரும் காற்று, படகின் அடியில் உள்ள தப்பிக்கும் கதவு, பெல்ட்டுகளைத் தலைகீழாகத் தொங்கியபடி கழற்றும் பயிற்சி, மூன்றும் சரியாக இருந்தால்தான் மீட்பு நீச்சல்காரர்கள் வரும்வரை தாக்குப்பிடிக்கலாம். காற்று உருளையின் அழுத்தத்தைப் பருவத் தொடக்கத்தில் ஒருமுறை பார்த்தால் போதாது. கிரேன் கொக்கியை மாட்டும் ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டும். அடிக்கதவின் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் ஒரு முறை திறந்து மூடவேண்டும்.

நம் பக்கத்திலும் 2018 நவம்பரில் ஆந்திரத்தின் விஜயவாடாவில், கிருஷ்ணா நதியில், எஃப்1 எச்2ஓ பந்தயம் நடந்தது. அது வேறு வகைப் படகு. இரட்டை உடல், பின்னால் மாட்டும் அவுட்போர்டு இஞ்சின். ஆனால் காற்றில் மூக்கு தூக்கும் ஆபத்து ஒன்றேதான். மறுபடி தென்னிந்திய நீர்நிலை ஒன்றில் இப்படிப் பந்தயம் வந்தால், உங்கள் நிருபர் மேடையைவிட்டு இறங்கிக் கிரேன் பக்கம் போய்க் கேட்கவேண்டும்: தகுதிக்கு எத்தனை சுற்று, மிதக்கும் குப்பையை யார் அகற்றுகிறார்கள், மீட்புப் படகுகள் எத்தனை, அவை எந்தெந்த வளைவில் நிற்கின்றன.

ஆகஸ்டில் ஸீஃபேருக்குப் போகும் வாசகர்கள் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திராமல் வெள்ளிக்கிழமையே, அணிகள் படகைத் தயார் செய்யும் ஸ்டான் சேர்ஸ் பிட்டுக்குப் போகலாம். அங்கே படகுகளைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். எந்த அணி ஓட்டம் முடிந்து வந்தவுடன் காந்த ப்ளக்கைக் கழற்றுகிறது, எந்த அணி நேரே படம் எடுக்கப் போகிறது என்று கவனியுங்கள். உங்கள் பத்திரிகை முடிவுகளை அச்சிடும்போது தகுதி வேகத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்திகள் சேர்த்தால் நன்றாக இருக்கும்: அந்தப் படகு பந்தயத்துக்கு முன் மொத்தம் எத்தனை சுற்று ஓடியது, ரத்தான சுற்றுகள் எத்தனை, எதனால்.

இப்படிக்கு,
ஹைட்ரோபிளேன் பந்தய ஆர்வலர்,
பெல்வியூ, வாஷிங்டன் மாநிலம்.